எங்களுக்கு என்றால் யாருக்கு?

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். இம்மூன்றில் உணவே முதலிடம் பெறுகிறது. கிழிந்த உடையோடும் மனிதன் வாழ்ந்துவிடுவான், மரத்தடியிலும் உறங்கிவிடுவான், பசியோடு எத்தனை நாள் இருப்பான்? 2024ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியோடு வாழ்ந்தனர் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. இதே உலகில் 2022ஆம் ஆண்டில் வீடுகளிலும் உணவு விடுதிகளிலும் கடைகளிலும் வீணாய்ப்போன உணவு 105 கோடி டன் என்கிறது அச்சபையின் மற்றோர் அறிக்கை.

ஆண்டுதோறும் அக்டோபர் 16ஆம் நாள் உலக உணவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1945இல் அதே நாளில்தான் உணவு வேளாண்மை நிறுவனம் தோன்றியது. அந்நாளில் நாங்களும் படம் வரைந்து பள்ளிச் சுவரில் ஒட்டுவோம். எங்கள் படங்களில் எலும்பும் தோலுமாய் நிற்கும் குழந்தை எப்போதும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கும். பசி என்பது கடல் கடந்த நாட்டில் இருப்பது என்றே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியவை இரண்டு நிகழ்ச்சிகள். ஒன்று நாளிதழில் படித்தது. மற்றொன்று கண்ணால் கண்டது.

முதல் நிகழ்ச்சி 2024 செப்டம்பர் மாதத்தில் நடந்தது. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர் சிலர் விவசாய வேலை தேடி நம் மாவட்டத்துப் பொன்னேரிக்கு வந்தனர். வேலை கிடைக்கவில்லை. கையிலிருந்த காசும் தீர்ந்தது. ஊர் திரும்பும் எண்ணத்தோடு சென்னை சென்ட்ரல் நிலையத்துக்குச் சென்றனர். அங்கே, பல நாள் பட்டினியால் அவர்களுள் ஐந்து பேர் மயங்கி விழுந்தனர் என்று நாளிதழ்கள் எழுதின. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுள் முப்பத்தைந்து வயதான ஒருவர் பின்னர் இறந்துபோனார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குச் செல்லும் மின்சார ரயில் பொன்னேரி வழியாகத்தான் போகிறது. கொல்கத்தாவிலிருந்து வரும் ரயில்களும் அதே தண்டவாளத்தில்தான் வருகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகளுக்கும், மாவட்டமெங்கும் உள்ள செங்கல் சூளைகளுக்கும், நெல் வயல்களுக்கும் ஆட்கள் அந்த ரயில்களில்தான் வந்து சேருகிறார்கள். தோளில் ஒரு பையோடு நிற்கும் அவர்களை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். ‘வடநாட்டார்’ என்ற ஒரு சொல்லால் எல்லாரையும் அழைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர்கள் காலையில் சாப்பிட்டார்களா என்று எங்களுள் ஒருத்திகூட எண்ணிப் பார்த்ததில்லை.

செப்டம்பர் என்றால் நம் மாவட்டத்தில் சம்பாப் பட்டம். வயலில் இறங்க வந்த மனிதர், ஒரு கவளம் சோறின்றி விழுந்தார்! அவர் விழுந்ததும் பாலைவனத்தில் அன்று. 2013 முதல் ஒரு ரூபாய்க்கு ஓர் இட்லி விற்கும் அரசு உணவகங்கள் இருக்கும் சென்னை மாநகரத்தில் விழுந்தார். வேறு மாநிலக் குடும்ப அட்டையைக் காட்டியும் நியாயவிலைக் கடையில் அரிசி பெறலாம் என்ற திட்டம் 2020 அக்டோபரிலேயே தொடங்கிவிட்ட தமிழ்நாட்டில் விழுந்தார். அப்படியானால் குறைந்தது எது? அரிசி அன்று. இங்கே இப்படி உண்டு என்று அவருடைய மொழியில் சொல்ல ஒரு வாய் இல்லை. அரிசியே கிடைத்திருந்தாலும், அதை வேகவைக்க ஓர் அடுப்பும் பானையும் தர ஒரு வீடு இல்லை.

வங்காளத்துக்கு இது புதிதன்று. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அங்கே இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ட பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், பிற்காலத்தில் அதை ஆராய்ந்து 1981இல் ஒரு நூல் எழுதினார். நாட்டில் உணவு இருந்தும், அதைப் பெறும் வழி ஏழைகளுக்கு இல்லாமற்போனதே அச்சாவுகளுக்குக் காரணம் என்று அதில் விளக்கினார். விலை ஏறியது, கூலி ஏறவில்லை, கூலிக்காரன் செத்தான். பஞ்சம் என்றால் மழை பொய்த்து நிலம் வெடிப்பது மட்டுமே என்று எண்ணியிருந்த எங்களுக்கு இது புதிய பாடமாக இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி எங்கள் பள்ளியிலேயே நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டின்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, சர்க்கரை போட்ட தேநீர் கொடுத்த அருட்சகோதரி, “கடைசியாக எப்போது சாப்பிட்டாய், மகளே?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில் உண்ட சத்துணவுதான் அவள் வயிறார உண்ட கடைசி உணவு. அவள் தந்தைக்கு ஆலை ஒன்றில் கையில் அடிபட்டு நான்கு மாதமாக வேலை இல்லை. தாய் விடியற்காலை வேலைக்குப் போகிறார். இரண்டு தம்பிகளுக்குக் கொடுத்தது போக மீந்த கஞ்சிதான் சனியும் ஞாயிறும் அவளுக்கு. விடுமுறை என்றால் நாங்கள் துள்ளிக் குதிக்கிறோம். அவளுக்கோ விடுமுறை என்றால் சோறில்லாத நாள்.

இதை அவளுடைய இசைவு பெற்றே எழுதுகிறோம். “பெயர் வேண்டாம், பாவம் என்றும் எழுதாதீர்கள்” என்றாள். எழுதவில்லை. ஆனால் எங்களைப் பற்றி எழுதியாக வேண்டும். கடந்த தவக்காலத்தில் பசித்தோருக்கென்று எங்கள் வகுப்பில் ஓர் உண்டியல் வைத்தோம். வகுப்புகளிலேயே அதிகம் சேர்த்தவர்கள் என்ற பாராட்டும் பெற்றோம். அந்த உண்டியல் வைத்த மேசைக்கு மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதில் ஒரு ரூபாய் போட்டாள். மதியம் மணி அடித்ததும் டிபன் கொண்டு வருவோர் வேப்பமரத்தடிக்குப் போவோம். சத்துணவுத் தட்டு ஏந்துவோர் தாழ்வாரத்துக்குப் போவார்கள். இப்படிப் பிரிந்து உட்காருமாறு யாரும் எங்களுக்குக் கட்டளை இடவில்லை. நாங்களே பிரிந்துகொண்டோம். எங்கள் டிபனில் மீந்த சோறு குப்பைக் கூடைக்குப் போயிற்று. உணவை வீணாக்குவது ஏழையிடமிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்று 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் எச்சரித்ததை மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தும் இப்படிச் செய்தோம்.

தோழியரே! இயேசு தம் சீடருக்குக் கற்பித்த செபத்தை நாள்தோறும் சொல்கிறோம். அதில் அன்றாட உணவைக் கேட்கும் இடத்தில் ‘எனக்கு’ என்று கேட்பதில்லை. ‘எங்களுக்கு’ என்று கேட்கிறோம். நம் தமிழில் ‘நமக்கு’ என்றால் கேட்பவரும் உள்ளே அடங்குவார். ‘எங்களுக்கு’ என்றால் எதிரே நிற்பவரை விலக்கிவிட்டு மற்றவரைக் குறிக்கும். அந்தச் செபத்தில் எதிரே இருப்பவர் இறைவன். ஆகவே அவர் ஒருவரைத் தவிர உலகத்தார் அனைவரும் அந்த ‘எங்களுக்கு’ என்ற சொல்லுக்குள் இருக்க வேண்டும். சென்ட்ரல் நிலையத்தில் விழுந்தவர் அதற்குள் இருந்தாரா? மூன்றாவது வரிசையில் இருந்தவள் இருந்தாளா? வாய் ‘எங்களுக்கு’ என்று சொல்ல, நெஞ்சு ‘எனக்கு’ என்று கேட்டால் அது செபமாகுமா?

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளித்த நிகழ்ச்சியை அறியாதார் இல்லை. அதில் சீடர்கள் முதலில் சொன்ன யோசனை என்ன? மக்களை ஊர்களுக்கு அனுப்பிவிட்டால் அவரவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள் என்பதே. பார்த்தால் நியாயமான யோசனைதான்! இன்று உலகம் பசித்தவர்களிடம் சொல்வதும் அதுவே. ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை. உணவு கொடுக்கும் பொறுப்பைச் சீடர்களிடமே ஒப்படைத்தார். காசு உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரிக்காமல் எல்லாரையும் ஒரே புல்தரையில் அமரச் செய்தார். மீந்த துண்டுகளையும் வீணாகாதபடி கூடைகளில் சேர்க்கச் செய்தார்.

திருச்சபையும் இதையே கற்பிக்கிறது. பிறர் இன்றியமையாத பொருளின்றி வாடும்போது, தன் தேவைக்கு மிஞ்சியதைத் தனக்கென்றே வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை என்ற கருத்தை 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அப்படியானால் பசித்தவருக்குக் கொடுப்பது தருமம் மட்டும் அன்று; அது நீதியும் ஆகும்.

“இலவசமாகச் சோறு போட்டால் மக்கள் சோம்பேறிகள் ஆகிவிடுவார்கள்” என்று சொல்வோர் உண்டு. உழைக்காதவன் உண்ணலாகாது என்று புனித பவுல் எழுதியதையும் அவர்கள் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் பவுல் கண்டித்தது உழைக்க மனமில்லாதவர்களை. பொன்னேரிக்கு வந்தவர்கள் மாநிலங்கள் கடந்து வேலை தேடி வந்தவர்கள். எங்கள் தோழியின் தந்தை வேலை செய்யும்போதே அடிபட்டவர். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சோறு போட்டதனால் தமிழ்நாடு கெட்டுப்போகவில்லை என்பதற்கு நம் பள்ளிகளே சாட்சி. பெருந்தலைவர் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டுவந்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளில், அத்திட்டம் ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அதன் தொடக்க விழா நடந்தது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்! இது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலைப் பசி நின்றுவிடுகிறதா? பத்தாம் வகுப்புவரை மதிய உணவு தரும் அரசு, காலை உணவையும் பத்தாம் வகுப்புவரை நீட்டிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதுவரை பள்ளிகளும் பங்குகளும் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும்.

மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறோம். இப்போது எங்கள் வகுப்பில் வேப்பமரத்தடி, தாழ்வாரம் என்ற இரண்டு இடங்கள் இல்லை. தட்டும் டிபனும் ஒரே வட்டத்தில் இருக்கின்றன. முதல் நாள் எல்லாருக்குமே கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் சத்துணவு முட்டைக்கும் எங்கள் எலுமிச்சை ஊறுகாய்க்கும் பண்டமாற்று நடந்தது! உண்டியல் காசு இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அரிசியாகவும் பருப்பாகவும் மாறுகிறது. தேவைப்படுவோர் யார் என்று அருட்சகோதரி ஒருவருக்கு மட்டுமே தெரியும். குடும்ப அட்டை பற்றிய செய்தியை இந்தி தெரிந்த ஆசிரியையின் உதவியோடு அட்டையில் எழுதி, ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் அனுமதி பெற்று மாட்டினோம். வங்காளியில் எழுதத் தெரிந்தவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். இவையெல்லாம் சிறு செயல்கள்தாம். இவற்றால் 67 கோடிப் பேரின் பசி தீராது என்பது எங்களுக்கும் தெரியும். ஐந்து அப்பங்களும் சிறியவைதாம்.

அன்று மயங்கி விழுந்த தோழி இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் செய்தாள். நாங்கள் ‘அவளுக்கு நாங்கள் உதவினோம்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தோம். அதை அடித்துவிட்டு, ‘நாம் சேர்ந்து சாப்பிட்டோம்’ என்று எழுதினாள். அவள் எழுதியதே சரி.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில், வகுப்பு மாணவி ஒருத்தி