மஞ்சள் பையில் வந்த யோசனைகள்



ரமளானுக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. ளுஹர் தொழுகை முடிந்து மாணவியர் உணவுக்குச் சென்றிருந்த வேளையில், பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எங்கள் நிஸ்வான் மதரசாவுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயதேனும் மூத்தவர். கொண்டுவந்திருந்த மஞ்சள் பையைப் பாயின் மீது கவிழ்த்தார். மருத்துவமனைச் சீட்டுகள், ஸ்கேன் படம், செய்தித்தாள் துணுக்குகள், கைப்பேசியில் வந்தவற்றை மகளைக் கொண்டு எழுதி வைத்த பள்ளி நோட்டு, ஒரு புட்டி கருஞ்சீரக எண்ணெய். இவ்வளவும் மூன்று மாதத்தில் சேர்ந்தவை.

அவருடைய இடது மார்பில் கட்டி. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என உறுதியாகிவிட்டது. முதல் கீமோ ஊசிக்குக் குறித்துக் கொடுத்த நாள் கடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

“ஆலிமா, நான் யாரை நம்புவது? முதலில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் என்றார். அடுத்தவர் கீமோ கொடுத்துவிட்டுத்தான் ஆபரேஷன் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று கொழுந்தனார் தடுக்கிறார். சர்க்கரை, பால், கறி மூன்றையும் விட்டால் கட்டி தானாகக் கரையும் என்று நாத்தனார் சொல்கிறார். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மாத்திரை மட்டும்தான் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் ஏன் ஊசி? நான்கு பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு வருடம் பால் கொடுத்தவள் நான். எனக்கு எப்படி இது வரும்?”

நான் மருத்துவம் பயின்றவள் அல்லள். கல்லூரியில் வரலாறு படித்தேன், பின்னர் ஓதினேன், இப்பொழுது ஓதிக்கொடுக்கிறேன். எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்று தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும், ஒரு செய்தி வந்தால் அதை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதைத்தான் அன்றாடம் என் மாணவியருக்குக் கற்பிக்கிறேன். ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியைக் கேட்டவுடன், அது இனிக்கிறதா கசக்கிறதா என்று பார்க்கவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இடையில் எவரேனும் விடுபட்டுள்ளாரா என்று அறிவிப்பாளர் வரிசையைத்தான் முதலில் பார்த்தார்கள். நாம் நூல்களில் மட்டும் பயன்படுத்தி வரும் இந்த அளவுகோலை நம் வீட்டுக்குள் வரும் மருத்துவ யோசனைக்கும் வைத்துப் பார்த்தால் என்ன?

2024 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து அமிர்தசரஸில் செய்தியாளர்களைச் சந்தித்து, தம் மனைவி மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டதை அறிவித்தார். எலுமிச்சை நீர், பச்சை மஞ்சள், வேப்பிலை, சர்க்கரையும் பாலும் தவிர்த்தல், நேரம் வரையறுத்து உண்ணுதல் ஆகியவற்றைப் பெரிதும் புகழ்ந்து பேசினார். அந்தப் பேச்சு கைப்பேசி வழியே நாடெங்கும் பரவிற்று. அடுத்த சில நாட்களுக்குள் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் பணியாற்றுபவர்களும் முன்பு பணியாற்றியவர்களுமாகிய 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையொப்பமிட்டு, இதற்குத் தக்க ஆதாரம் இல்லை, எவரும் சிகிச்சையைத் தாமதப்படுத்த வேண்டாம் என்று அறிக்கை விட்டனர். அந்த அம்மையார் அறுவையும் கீமோவும் செய்துகொண்டவர். மருத்துவர்களின் சிகிச்சையோடு சேர்த்தே அந்த உணவு முறையைக் கைக்கொண்டதாகச் சித்துவும் பிறகு விளக்கமளித்தார்.

பாலக்கோட்டுச் சகோதரியின் நோட்டில் அந்தச் செய்தி இருந்தது. எலுமிச்சை இருந்தது, மஞ்சள் இருந்தது, வேப்பிலை இருந்தது. அறுவையும் கீமோவும் இல்லை! வரிசையில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்ட செய்தியை ‘முன்கதிஃ’ என்று கூறி ஒதுக்கி வைக்கிறோமே, அந்த வகைதான் இது. சொன்னவர் பொய்யர் என்பதல்ல. இடையில் ஒரு கண்ணி கழன்று விழுந்துவிட்டது. விழுந்த கண்ணிதான் உயிரைக் காத்த கண்ணியாக இருக்கக்கூடும்.

கண்ணி கழன்ற செய்தியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று முறைகளை மட்டுமே நாடிய 281 பேரை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2018 இல் வெளியிட்டனர். அவர்களுள் மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களுக்கு இறப்பின் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது.

இனி, இரண்டு மருத்துவர்கள் இருவேறு விதமாகச் சொன்னார்களே, அது? அது வேறு வகை. ஹனஃபி மத்ஹபிலும் ஷாஃபி மத்ஹபிலும் ஒரே சட்டத்திற்கு இரு கருத்துகள் இருப்பதைக் கண்டு எவரேனும் தொழுகையை விட்டுவிடுகிறோமா? இருவரும் ஆதாரத்தின் மீது நின்றுதான் வேறுபடுகிறார்கள். இட்டுக்கட்டப்பட்ட செய்தியையும் இமாம்களின் கருத்து வேறுபாட்டையும் ஒரே தட்டில் வைப்பவர் இரண்டையும் இழப்பார்.

மருத்துவர்களின் கருத்தும் காலத்தோடு மாறித்தான் வந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை நிபுணர் ஹால்ஸ்டெட், மார்பையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நெறிக்கட்டிகளையும் ஒருசேர அகற்றும் முறையைப் பரப்பினார். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அதுவே சட்டமாக இருந்தது. 1973 இல் இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசி என்பவர், சிறிய கட்டியுள்ள 701 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அந்தப் பேரறுவையையும் மறுபிரிவினருக்கு மார்பைக் காத்து, கட்டியிருந்த பகுதியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சும் அளிக்கும் ஆய்வைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஃபிஷர் என்பவரும் அத்தகைய ஆய்வொன்றை நடத்தினார். இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002 இல் இருவரும் வெளியிட்ட முடிவு ஒன்றே: உயிர் பிழைத்திருப்பதில் இரு பிரிவினருக்கும் வேறுபாடில்லை. தம் பழைய கருத்தையே சோதனைக்கு உட்படுத்தி மாற்றிக்கொண்ட இந்த நேர்மையைப் புட்டியில் எண்ணெய் விற்பவரிடம் நான் கண்டதில்லை.

நம் நாட்டில் பெண்கள் கட்டி பெரிதான பின்னரே மருத்துவமனைக்குச் செல்கிறார்கள். அத்தகையோருக்கு முதலில் மருந்தாலும் கதிர்வீச்சாலும் கட்டியைச் சுருக்கி, அதன் பின் அறுவை செய்யும் முறையைச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் நெடுங்காலமாகக் கைக்கொண்டு, 1990களில் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் நிலையைப் பதிவு செய்து வெளியிட்டிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அந்நிலையம். 1955 இல் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 இல் காலமாகும் வரை அதற்கே தம் வாழ்வை அளித்தார். ஆகவே ‘ஊசி முதலில்’ என்ற இரண்டாம் மருத்துவர் புதுமை எதையும் சொல்லிவிடவில்லை. கட்டியின் அளவு, அக்குளில் நெறி கட்டியிருத்தல், நோயின் வகை ஆகியவற்றைப் பொறுத்து வரிசை மாறும்.

எதிர்வீட்டுப் பெண்ணின் மாத்திரைக்கும் விடை அந்த வகையில்தான் உள்ளது. மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே பெயரில் வழங்கும் பல நோய்கள். சில கட்டிகள் பெண்மைச் சுரப்பு நீரைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. அவற்றுக்குத் தமாக்சிஃபென் போன்ற மாத்திரை பல்லாண்டுகள் பயன் தரும். சிலவற்றில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருக்கும். அதற்கென்றே தனி ஊசி உண்டு. இரண்டும் இல்லாதவற்றுக்குக் கீமோவே முதன்மையான மருந்து. சதைப் பரிசோதனைச் சீட்டில் இவை எழுதப்பட்டிருக்கும். ஒருவருக்கு அளித்த ஃபத்வாவை, கேள்வி வேறாக இருக்கும்போது மற்றவர் எடுத்துக்கொள்ளலாகாது என்பதை நாம் அறிவோம் அல்லவா?

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? நம் ஊர்களில் கட்டி புண்ணாகி உடைந்த பின்னரே அறுவைக்குச் சென்ற பெண்கள் உண்டு. அப்பொழுதே நோய் நுரையீரலுக்கும் எலும்புக்கும் சென்றிருக்கும். சில மாதங்களில் அவர் மரணிப்பார். தாமதத்தை எவரும் நினைப்பதில்லை, பழி கத்தியின் மீது விழுகிறது. கண்ணால் கண்ட சாட்சியம்தான், ஆனால் பாதி சாட்சியம்.

உணவுக்கு வருவோம். சர்க்கரையைக் குறைப்பது எவருக்கும் நல்லது. ஆயினும் உடல் தனக்கு வேண்டிய குளுக்கோஸைத் தானே ஆக்கிக்கொள்ளும். நாம் பட்டினி கிடந்தால் கட்டி மட்டும் தனியே பட்டினி கிடப்பதில்லை. கீமோ நடக்கும் மாதங்களில் முட்டை, மீன், பருப்பு, பால், கறி ஆகியவற்றை விட்டவர் இளைத்து, இரத்தம் குறைந்து, அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டிய நிலைக்கு ஆளாகலாம். எங்கள் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் எவருக்கும் பகையல்ல. சோயா ஆகாது என்றும் ஒரு பேச்சு. சீனத்தின் ஷாங்காய் நகரில் நோய் கண்ட 5,000 பெண்களைப் பின்தொடர்ந்து 2009 இல் வெளியான ஆய்வில், சோயா உணவை மிகுதியாக உண்டவர்களிடம் இறப்பு குறைவாகவே இருந்தது. முள்சீத்தா இலைக் கஷாயம் குடிப்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: கரீபியன் தீவான குவாதலூப்பில் அவ்வினத்துப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் நடுக்குவாதம் போன்ற நோய் காணப்பட்டதை 1999 இல் மருத்துவர்கள் எழுதியுள்ளனர்.

பால் கொடுத்தவருக்கு வராதா? 30 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2002 இல் வெளியிட்ட கணக்கின்படி, பாலூட்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அபாயம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. குறைகிறது, நீங்கிவிடுவதில்லை. “நமக்கு வராது” என்ற நம்பிக்கையில் அந்தச் சகோதரி கட்டியைக் கண்டும் ஐந்து மாதம் எவரிடமும் கூறாதிருந்தார். ஆண் மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. மும்பையில் 1998 இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்களே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தனர். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததை 2021 இல் வெளியிட்டார்கள். இயந்திரமும் இல்லை, அந்நிய ஆடவரும் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியரிடம் கேட்டாலே 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இப்பரிசோதனை செய்வார்கள்.

கருஞ்சீரகப் புட்டியைக் காட்டியபோது அவருடைய குரல் தாழ்ந்தது. “இதை மறுத்தால் ஈமானுக்குக் குறைவாகுமா ஆலிமா?” என்றார். கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி ஸஹீஹானது, அதில் ஐயமில்லை. அதன் சொல் பொதுவாக வந்திருப்பினும் குறிப்பிட்ட நோய்களையே கருதும் என்று கத்தாபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் அன்றே எழுதிவிட்டார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவரும் அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்தாம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மறு சொல்லை விட்டுவிடுவது சுன்னத்தாகுமா? சமையலில் சிறிதளவு சேர்ப்பதில் தடையில்லை. எண்ணெயாகக் குடிப்பதானால் கீமோ மருந்தோடு ஒத்துப்போகுமா என்று மருத்துவரிடம் புட்டியையே காட்டும்படி கூறினேன்.

நோன்பு நோற்றால் புற்று அணுக்கள் செத்துவிடும் என்று ஒரு தாள் இருந்தது. பட்டினியும் கீமோவும் பற்றி மருத்துவக் கண்காணிப்பில் சிறிய ஆய்வுகள் நடந்திருப்பது உண்மை. அதை ரமளானோடு ஒட்டி எழுதியவர் எவரோ, பெயரில்லை. ஊசி போட்ட நாட்களில் வாந்தியும் நீர் வற்றுதலும் ஏற்படும் உடலுக்கு நோன்பை விடும் சலுகையை அல்லாஹ்வே பகரா அத்தியாயத்தில் அளித்திருக்கிறான். பின்னர் களாச் செய்யலாம். மீளாத நோயாயின் ஃபித்யா உண்டு. அவன் தந்த சலுகையை ஏற்பதும் கட்டுப்படுவதே.

அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், மருத்துவரிடம் கேட்பதற்காகச் சிலவற்றை எழுதிக் கொடுத்தேன். என் நோய் எந்த நிலை, எந்த வகை. முற்றிலும் குணமாக்கவா, கட்டுப்படுத்தவா இந்தச் சிகிச்சை. ஏன் இந்த வரிசை. மூன்று வாரம் தவறியதால் என்ன மாற்றம். இன்னின்னதை நான் உண்கிறேன், சரியா? மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள் அக்கா, ஒருவர் கேட்கும்போது மற்றவர் எழுதிக்கொள்ளட்டும் என்றேன். காப்பீட்டு அட்டையை மறவாமல் எடுத்துப் போகச் சொன்னதும் நினைவிருக்கிறது. கொழுந்தனாரையும் அழைத்துச் செல்வதாக அவரே சொன்னார். அது நல்ல யோசனையாகவே எனக்குப் பட்டது.

அடுத்த செவ்வாயன்று முதல் ஊசி போட்டுக்கொண்டார். மூன்றாவது ஊசி ரமளானின் நடுவில் வந்தது. நான்காவது, ஷவ்வால் முதல் வாரத்தில். விடுபட்ட நோன்புகளின் கணக்கை அவர் மகள் நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள்.