எதைப் பற்றி எழுதுவது?

"எதைப் பற்றி எழுதுவது?" என்னும் வினா இத்திங்கள் நமக்கு வந்த மடல்கள் பலவற்றுள் காணப்படுகிறது. கேட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்தம் பெற்றோரும் அதே வினாவை வேறு வகையிற் கேட்டுள்ளனர். "தமிழில் எழுது என்றால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, என்ன செய்வது?" என்பது அவர்கள் குறை. ஆதலின் இம்முறை இப்பகுதியை இளைய எழுத்தாளர்களுக்கே ஒதுக்குகின்றோம். பெரியோரும் உடனிருந்து படித்தல் நலம். அவர்களுக்கும் சொல்ல வேண்டியவை சில உள.

சென்ற பொங்கல் மலருக்கு வந்த கட்டுரைகளை முதலில் எண்ணிப் பார்ப்போம். பெரும்பாலானவற்றிற் காவிரி கரை புரண்டு ஓடிற்று. நெற்கதிர்கள் தலை சாய்த்து நின்றன. தென்றல் தவழ்ந்து வந்தது. எழுதிய பிள்ளைகளோ கோடை விடுமுறையில் இரயில் சன்னல் வழியே காவிரியை ஒரு முறையோ இரு முறையோ கண்டவர்கள். கோடையில் அங்கே பெரும்பாலும் மணலைத்தான் கண்டிருப்பர். கரை புரண்ட வெள்ளம் எங்கிருந்து வந்தது? பாடநூலிலிருந்து வந்தது, அல்லது அருகில் அமர்ந்து சொல்லிக் கொடுத்த தந்தையாரின் இளமை நினைவிலிருந்து வந்தது. பிள்ளையின் கண்ணிலிருந்து வரவில்லை.

அக்கட்டுரைகளுள் ஒன்றை எழுதிய சிறுமியிடம், "இன்று காலை உங்கள் குடியிருப்பில் என்ன நடந்தது?" என்று நாம் கேட்டோம். தயக்கமின்றிச் சொன்னாள்: தண்ணீர் லாரி வருமுன் எல்லா வீட்டு வாளிகளும் வரிசையில் நிற்குமாம். இவர்கள் வீட்டு வாளி உடைந்திருந்தமையால் இடம் பிடிக்க ஒரு செங்கல்லை வைத்தார்களாம். பக்கத்து வீட்டு மராட்டியப் பாட்டி வெள்ளிக்கிழமையாயிற்றே என்று அச்செங்கல்லுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுவிட்டாராம். அதன் பிறகு அதை எடுத்து அப்பால் வைக்க ஒருவருக்கும் துணிவில்லையாம். "இதை ஏனம்மா எழுதவில்லை?" என்றோம். "இதெல்லாம் கட்டுரைக்கு ஆகாதே, மாமா" என்றாள்.

இவ்விடையை நாம் எளிதாகக் கொள்ளலாகாது. தன் தெருவும், தன் வீட்டு வாளியும், தன் அண்டை வீட்டுப் பாட்டியும் தமிழுக்கு ஆகா என்று ஒரு பிள்ளை எண்ணிவிட்டால், தமிழ் அப்பிள்ளைக்குப் பண்டிகை நாளில் மட்டும் எடுத்துடுத்தும் பட்டாடை ஆகிவிடும். பட்டாடையில் எவரும் விளையாடுவதில்லை; அழுவதுமில்லை. விளையாட்டும் அழுகையும் இந்திக்கும் மராத்திக்கும் வங்காளிக்கும் ஆங்கிலத்திற்கும் போய்விடும். அம்மொழிகளின்மேல் நமக்குப் பகையில்லை. அவை நமக்குச் சோறிட்ட ஊர்களின் மொழிகள். ஆனால் சொல்ல ஒன்றுமில்லாத மொழி ஒரு வீட்டில் நீடித்து வாழாது.

தமிழகத்துக்கு அப்பாலுள்ள வாழ்வு தமிழ் எழுத்துக்கு ஆகும் என்பதற்குச் சான்று வேண்டுவோர் சிலரை அறிந்துகொள்க. அசோகமித்திரன் 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர்; அவர் தந்தையார் இரயில்வே ஊழியர். 1952-இல் சென்னைக்குக் குடிபெயரும் வரை அவர் கண்டு வளர்ந்த செகந்திராபாத்தும் ஐதராபாத்துமே 1977-இல் வெளிவந்த 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலின் நிலம். ஆதவன் தில்லியிற் படித்து, சில காலம் இரயில்வேயிலும் பணியாற்றியவர். தில்லியின் அலுவலகங்களையும் இளைஞர்களையும் அவர் தமிழிலே எழுதினார். 1987-இல் அவர் மறைந்த பின்னர், 'முதலில் இரவு வரும்' என்னும் அவரது சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. ஆ. மாதவன் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிற் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மாந்தரைக் கதைகளாக்கினார். இவர்கள் தாம் நின்ற இடத்தைத்தான் பார்த்தார்கள். இல்லாத ஆற்றை வருவித்துக்கொள்ளவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? பார்சல் அலுவலகத்தில் நாள்தோறும் நாம் காணும் ஒன்றைச் சொல்வோம். மாற்றலாகிச் செல்லும் குடும்பத்தார் மூட்டைகளின்மேல் 'வீட்டுச் சாமான்' என்று எழுதிவிடுவர். அது பொய்யன்று, ஆயினும் உள்ளே இருப்பது அம்மியா, தையல் இயந்திரமா, கொலுப் பொம்மைகளா என்பது அச்சொல்லால் விளங்காது. 'இயற்கை எழில்', 'தாயன்பு', 'நாட்டுப்பற்று' என்னும் தலைப்புகளும் அத்தகைய மூட்டைகளே. பெரிய தலைப்பைக் கொடுத்தால் பிள்ளை கேட்டறிந்த வாக்கியங்களையே எழுதும். சிறியதாய், கண்ணுக்குத் தெரிவதாய், ஒரு கட்டுப்பாடும் உடையதாய்க் கொடுத்தால் அது தானே தேடத் தொடங்கும். அத்தகைய பயிற்சிகள் ஆறு கீழே தருகின்றோம்.

முதற் பயிற்சி, பெட்டி. ஊரிலிருந்து திரும்பும்போது பாட்டியோ அத்தையோ கட்டிக் கொடுத்தவற்றுள் பத்துப் பொருள்களை வரிசையாக எழுதுக. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு செய்தி சேர்க்க: எதிற் சுற்றியிருந்தது, வழியில் என்ன ஆயிற்று, வீட்டில் யார் முதலில் எடுத்தார் என்பன போல. 'அன்பு', 'பாசம்' என்னும் சொற்கள் எங்கும் வரலாகாது. எழுதி முடித்த பின் படித்துப் பாருங்கள். அவை தாமே அங்கு வந்து நிற்கக் காண்பீர்கள்.

இரண்டாவது, மொழி மாறும் இடம். சென்னைக்குச் செல்லும் வண்டியில் நாக்பூரில் ஆரஞ்சும், ஆக்ராவிற் பேட்டாவும், மும்பை வழியில் லோணாவளாவிற் சிக்கியும் விற்பதைக் கண்டிருப்பீர்கள். நிலையப் பலகையிற் பெயர் பல எழுத்துகளில் இருக்கும். வண்டி செல்லச் செல்ல அவற்றுள் ஓரெழுத்து மாறிக்கொண்டே வரும். பல்லார்ஷாவைக் கடந்த பின் தெலுங்கு தோன்றும். தடாவைக் கடந்து ஆரம்பாக்கம் வந்தால் தமிழ் தோன்றும். விற்பவர் குரலும் அவ்வாறே மாறும். காதில் விழுந்த குரல்களை மட்டும் கொண்டு ஒரு பயணத்தை எழுதுக. கண்ணாற் கண்ட எதுவும் வேண்டா.

மூன்றாவது, உங்கள் திணை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. அந்நிலத்துக்குரிய உணர்வை உரிப்பொருள் என்றது. எழுத்துப் பயிற்சிக்கு இதனினும் சிறந்த அட்டவணை எங்குள்ளது? உங்கள் குடியிருப்புக்கு ஒன்று வரைக. நிலம், நான்காம் மாடியாக இருக்கலாம். பொழுது, இரவுப் பணிக்கு அப்பா புறப்படும் நேரமாக இருக்கலாம். மரம் எது? பறை எது, விநாயகர் ஊர்வலத்து மேளமா, பிரஷர் குக்கரின் சீழ்க்கையா? இவ்வெட்டையும் நிரப்பிய பின்னர் உரிப்பொருளைத் தேடுக. அது காத்திருத்தலா, பிரிதலா, ஊடலா? முதலிலேயே அதை முடிவு செய்துவிடாதீர்கள்.

நான்காவது, ஈற்றடி. கடைசி அடியைக் கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லுதல் நம் பழைய வழக்கம். எட்டயபுரத்தில் இளம் பாரதியாருக்கு ஒருவர் ஏளனமாக ஈற்றடி கொடுத்ததையும், அவ்வடியைக் கொண்டே அவர் மறுமொழி பாடியதையும் பற்றி வழங்கும் கதையை உங்கள் பாட்டனாரைக் கேட்டறிக. வெண்பா வேண்டா, உரைநடை போதும். நாம் கொடுக்கும் ஈற்று வாக்கியம் இது: "அன்று முதல் அந்தக் கதவை நாங்கள் பூட்டுவதில்லை." இதிற் போய் முடியுமாறு ஒரு பக்கக் கதை எழுதுக.

ஐந்தாவது, இரு சொல். இத்தாலி நாட்டுக் குழந்தை எழுத்தாளர் ஜான்னி ரொடாரி, கதை புனையும் கலை பற்றி 1973-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு சொற்களை அருகருகே வைத்தால் கதை பிறக்கும் என்பது அவர் கண்ட வழி. 'நாய்', 'அலமாரி' என்பன அவர் காட்டிய சொற்கள். நாய் அலமாரிக்குள் எப்படிச் சென்றது? அலமாரியை அது ஏன் முதுகிற் சுமக்கிறது? இவ்வாறு வேற்றுமை உருபுகளை மாற்றி மாற்றிக் கேட்கலாம். நம் மொழியில் உருபுகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் ஒருவர் ஒரு சொல்லும், அவரறியாமல் மற்றொருவர் ஒரு சொல்லும் தாளில் எழுதி மடித்துக் கொடுக்க, பிள்ளை எழுதட்டும்.

ஆறாவது, வீட்டுச் சொல். வெளியில் எங்கும் கேட்டிராது உங்கள் வீட்டில் மட்டும் வழங்கும் தமிழ்ச் சொல் ஒன்று நிச்சயம் இருக்கும். ஆச்சி வைத்த பெயராகலாம், ஊர்ப்பக்கத்து வழக்காகலாம். அச்சொல் யாரிடமிருந்து வந்தது, எப்பொழுது சொல்லப்படுகிறது, அதை இந்தி பேசும் நண்பனுக்கு விளக்க முயன்றால் என்ன ஆகிறது என்று எழுதுக. முதியோர் மறைந்தால் உடன் மறையக்கூடியவை இச்சொற்கள். எனவே இப்பயிற்சியைத் தள்ளிப் போட வேண்டா என்று வேண்டுகிறோம்.

'எந்தத் தமிழில் எழுதுவது?' என்றும் பலர் கேட்கின்றனர். விவரிக்கும் இடத்தில் எளிய எழுத்து வழக்கைக் கைக்கொள்க. மாந்தர் பேசுமிடத்தில் அவரவர் பேசுமாறே எழுதுக. திருநெல்வேலி அத்தை திருநெல்வேலித் தமிழிலேயே பேசட்டும். பால்காரர் பேச்சில் இந்தி கலந்திருந்தால் அதையும் தமிழெழுத்தில் எழுதிவிடுக. ரகர றகரமும், லகர ளகர ழகரமும் மயங்கினால் அஞ்ச வேண்டா. அவை திருத்தத்தக்கவை. எழுதாத பக்கத்தைத் திருத்த ஒருவராலும் ஆகாது.

இனிப் பெற்றோர்க்கு மூன்று சொற்கள். ஒன்று, பிள்ளை எழுதும்போது உங்கள் பேனாவை மூடி வைத்துவிடுங்கள். உங்கள் காவிரியை நீங்களே எழுதுங்கள். அதற்கும் இவ்விதழில் இடமுண்டு. தலைப்பைச் சொன்ன அளவிலே கட்டுரை எழுதித் தரும் கணினிச் செயலிகள் இக்காலத்தில் வந்துவிட்டன. அவற்றுக்குக் காவிரி தெரியும். தண்ணீர் வரிசையில் நின்ற செங்கல்லைத் தெரியாது.

இரண்டு, தமிழெழுத்து இன்னும் பழகாத பிள்ளைகள் பலர் நம்மிடையே உளர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் கற்ற பிறகே எழுதலாம் என்று அவர்களை வாயிலில் நிறுத்தலாகாது. பிள்ளை சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் மாற்றாமல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் அதைப் பார்த்துப் பிள்ளை தன் கையாற் படியெடுக்கட்டும். பிறர் வாக்கியத்தைவிடத் தன் வாக்கியத்தைப் படியெடுக்கும்போது எழுத்து விரைவில் கையில் நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

மூன்றாவதே கடினமானது. பிள்ளைகள் உண்மையை எழுதத் தொடங்கினால் அது எப்பொழுதும் நமக்கு இனிக்காது. மாற்றல் உத்தரவு வந்த இரவில் அம்மா சமையலறையில் அழுததை எழுதக்கூடும். நடு ஆண்டிற் புதுப் பள்ளியில் ஒருவரும் பேசாதிருந்ததை எழுதக்கூடும். தொலைபேசியில் ஊருக்கு நாம் சொல்லும் 'நலம்' முழு நலமன்று என்பதையும் எழுதிவிடக்கூடும். அதைக் கண்டு சினவாதீர்கள், "இதையெல்லாமா எழுதுவது?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், பிள்ளை மறுநாளே தென்றலுக்கும் நெற்கதிருக்கும் திரும்பிவிடும். அச்சில் வர வேண்டாதவை உண்டு. அவற்றைப் பிள்ளையின் குறிப்பேட்டிலேயே விட்டுவிடலாம். குறிப்பேட்டைக் கேளாமல் திறவாதிருத்தலும் நம் கடமையே. எதை அனுப்புவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

இளைய நண்பர்களே, இவ்வாறனுள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல், உங்கள் கையெழுத்தில் எழுதி, வரும் 20-ஆம் நாளுக்குள் சங்க அலுவலகத்திற் சேர்ப்பியுங்கள். பெயருடன் வயதும் வகுப்பும் குறிப்பிடுக. யாரேனும் எழுத்துக்கூட்டி உதவியிருந்தால் அவர் பெயரையும் எழுதலாம், அது குறைவன்று. பரிசு, முதலிடம் என்பன இம்முறை இல்லை. வந்தவற்றை அடுத்த கூட்டத்தில் எழுதியவரே எழுந்து நின்று படிக்க ஏற்பாடு செய்துள்ளோம். நாற்காலிகளைப் பெரியோர்க்கு முன்வரிசையிற் போடுவோம். அவர்கள் வந்து கேட்க வேண்டும்.