சின்ன டாங்கி, சின்ன பட்ஜெட்

டாங்க்னு சொன்னதும் மொட்டை மாடி சின்டெக்ஸ் டாங்க் ஞாபகம் வந்தவங்க மன்னிச்சுக்குங்க. இது போர் டாங்கி. அதுவும் பிளாஸ்டிக்ல, துண்டு துண்டா பெட்டிக்குள்ள வர்றது. நாமளே வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு அலமாரியில வைக்கணும். "எதை வாங்கலாம், எவ்வளவு ஆகும்"னு ரெண்டு மூணு பதிவர் நண்பர்கள் கேட்டிருந்தாங்க. தனித்தனியா பதில் போடறதுக்கு ஒரே பதிவா போட்டுடலாம்னுதான் இது.

என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடறேன். பட்ஜெட்டுங்கறது பெட்டி மேல ஒட்டியிருக்கற விலை இல்லை. ஒரு டாங்கி முழுசா முடிஞ்சு அலமாரிக்குப் போற வரைக்கும் ஆகற மொத்தச் செலவு. 1500 ரூபாய் கிட் முடிஞ்சு நின்னா லாபம். 500 ரூபாய் கிட் பாதியில நின்னு பரண் ஏறிடுச்சுன்னா அந்த 500-ம் தண்டம். அதனால "எது சீப்?"னு கேக்காதீங்க, "எதை என்னால முடிக்க முடியும்?"னு கேளுங்க. பதிவுல சொல்ல வந்தது இவ்வளவுதான். அவசரமா ஆபீஸ் போறவங்க இங்கேயே கிளம்பிடலாம் :-)

அளவு: ராஜகோபுரக் கணக்கு

கிட் பெட்டியில 1/72, 1/76, 1/48, 1/35னு போட்டிருப்பாங்க. நிஜ வண்டியை எத்தனை மடங்கு சுருக்கியிருக்காங்கன்னு அர்த்தம். எங்க ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கறது சுலபம். திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி. 1/72-ல செஞ்சா மூணு அடி, ஹால்ல ஒரு மூலையில வெச்சுடலாம். 1/35-ல செஞ்சா ஆறு அடியைத் தாண்டும், வீட்டுக்குள்ள வர்றவங்களை விட உசரமா நிக்கும்.

இந்த நம்பர்லாம் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா சிரிப்பா இருக்கும். 1/72-ன்னா ஒரு அங்குலத்துக்கு ஆறு அடி, விமான மாடல்காரங்க வழியா வந்தது. 1/76 பொம்மை ரயில்காரங்க அளவை ஒட்டி வந்தது. 1/35-க்குப் பின்னாடி பெரிய தத்துவம் ஏதும் கிடையாது. ஜப்பான் தமியா கம்பெனி 1961-ல பேந்தர் டாங்கி செஞ்சப்போ உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கணும்னு ஒரு அளவு வெச்சாங்க, அதைக் கணக்குப் போட்டா 1/35 வந்துச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க டாங்கி மாடல்னா அதுதான் பெரிய ஜாதி. எல்லாம் பேட்டரி செஞ்ச வேலை!

டி-55 டாங்கியை எடுத்துக்குங்க. பீரங்கிக் குழலோட சேர்த்து நீளம் சுமார் 9 மீட்டர். 1/72-ல பன்னிரண்டரை சென்டிமீட்டர். 1/35-ல கிட்டத்தட்ட 26 சென்டிமீட்டர். நீளம் ரெண்டு மடங்குதானேன்னு தோணும். பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு நாலு மடங்குக்கு மேல. அலமாரியில அடைக்கற இடமும் அப்படித்தான். ஸ்ப்ரே கன், கம்ப்ரஸர்னு செலவு ஒவ்வொண்ணா பின்னாடியே வரும். 1/72-ஐ கையில பிரஷ் வெச்சே அடிச்சு முடிச்சுடலாம். ஒத்தை பெட்ரூம் வாடகை வீட்டுல சாப்பாட்டு மேஜையே பட்டறையா இருக்கறவங்களுக்கு 1/72தான் சரி.

"சின்ன அளவுல டீடெயில் இருக்காதே"ம்பாங்க 1/35 கட்சிக்காரங்க. உண்மைதான். கொக்கி, சங்கிலி, கைப்பிடிலாம் 1/35-ல அழகா நிக்கும். கண்ணு கொஞ்சம் மங்கலானவங்களுக்கும் அது வசதி. ஆனா பல கிட்டுல ஐந்நூறு, ஆயிரம் துண்டுன்னு வரும். சனிக்கிழமையும் சப்போர்ட் கால் எடுக்கற நம்ம பொழப்புக்கு அது எத்தனை மாசம்னு யோசிங்க.

ஏன் நம்மகிட்ட மட்டும் இவ்வளவு விலை?

வெளிநாட்டு வீடியோக்கள்ல "மலிவான கிட்"னு சொல்றது நம்ம கைக்கு வரும்போது மலிவா இருக்கறதில்லை. சுங்க வரிப் பட்டியல்ல இந்த மாடல் கிட்டும் கிலுகிலுப்பையும் ஒரே தலைப்புதான், 9503. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க. 2023-ல 70. 2021 ஜனவரியில இருந்து பொம்மைகளுக்குத் தர முத்திரையும் கட்டாயம். மட்டமான பொம்மை வந்து குவியறதைத் தடுக்கவும், உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காப்பாத்தவும் செஞ்சது, அந்த நியாயம் புரியுது. நடுவுல மாட்டினது நம்மளை மாதிரி பொழுதுபோக்கு ஆளுங்க.

அதனால வெளிநாட்டுக் கடை விலையைப் பார்த்து மனசுக்குள்ள ரூபாய்க்கு மாத்தி சந்தோஷப்படாதீங்க. தபால் செலவையும் வரியையும் சேர்த்த அப்புறம்தான் அது விலை. முதல் டாங்கியை இந்தியாவுல கையிருப்பு வெச்சிருக்கற கடையில வாங்குங்க. விலை கூடத் தெரிஞ்சாலும் கடைசியில கணக்கு பெரும்பாலும் அதுக்குத்தான் சாதகமா வரும்.

பெட்டியை எப்படி எடை போடறது?

1. சக்கரத்தை எண்ணுங்க. டாங்கியில முக்கால்வாசி உழைப்பு சக்கரத்துலதான். டி-34, டி-55 ரெண்டுக்கும் பக்கத்துக்கு அஞ்சு பெரிய சக்கரம், முடிஞ்சது கதை. எல்லாரும் ஆசைப்படற ஜெர்மன் டைகருக்கு பக்கத்துக்கு எட்டு அச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து நிக்கற சக்கரங்க. ஒவ்வொண்ணையும் வெட்டி, தேய்ச்சு, ஓரத்துல கறுப்பு அடிச்சு... பாதிப் பேர் அங்கேதான் கழண்டுக்கறாங்க.

2. செயின் எப்படிப்பட்டதுன்னு பாருங்க. ரப்பர் பேண்ட் மாதிரி வளையற வினைல் செயின் மாட்டறதுக்கு சுலபம், ஆனா பிளாஸ்டிக் பசை பல சமயம் அதுல பிடிக்காது, ஃபெவிக்விக்தான் கதி. துண்டு துண்டா ஒட்டற கெட்டி பிளாஸ்டிக் செயின் பார்க்க அழகு, பொறுமை வேணும். முதல் கிட்டுக்கு நீளத் துண்டுகளா வர்ற செயின் நல்லது.

3. அச்சு எந்த வருஷத்துதுன்னு பாருங்க. பெட்டி புதுசு, உள்ளே இருக்கறது தாத்தா காலத்து அச்சுங்கறது இந்தத் துறையில சகஜம். ஏர்ஃபிக்ஸோட 1/76 ஷெர்மன் 1960-களின் தொடக்கத்துல வந்தது, 'விண்டேஜ் கிளாசிக்ஸ்'னு பேர் போட்டு மறுபடி வந்திருக்கு. பழசுன்னா மோசம்னு இல்லை, ஆனா பொருந்தாத இடத்தை நாமதான் தேய்ச்சுச் சரி பண்ணணும். ஸ்கேல்மேட்ஸ் தளத்துல கிட் பேரைத் தட்டினா அச்சோட பூர்வீகமே வந்துடும். பொண்ணு பார்க்கப் போறதுக்கு முன்னாடி விசாரிக்கற மாதிரி, ரெண்டு நிமிஷ வேலை.

4. ஒரு பெட்டியில ரெண்டு. இத்தாலேரியோட 'ஃபாஸ்ட் அசெம்ப்ளி' வரிசை, ஆர்மர்ஃபாஸ்ட் பெட்டிகள் எல்லாம் ரெண்டு டாங்கியோட வரும். போர் விளையாட்டு ஆடறவங்களுக்காக செஞ்சது, துண்டு கம்மி. ஒண்ணைப் பழகக் கெடுத்துக்கலாம், ரெண்டாவதை ஒழுங்கா செய்யலாம்.

5. '4டி'னு பேர் போட்டு, பசையே இல்லாம மாட்டற 1/72 சீன டாங்கிகள் சல்லிசா கிடைக்கும். மாடல் உலகத்துப் பெரியவங்க மூக்கைச் சுளிப்பாங்க. பெயிண்ட் பழக இதைவிட நல்ல பலி ஆடு கிடையாது.

மூவாயிரம் ரூபாய்த் திட்டம்

விலை கடைக்குக் கடை மாறும், அதனால விகிதமா சொல்றேன். முதல் டாங்கிக்கு 3000 ரூபாய் ஒதுக்குறீங்கன்னா கிட்டுக்கு அதுல பாதியைத் தாண்டாதீங்க. மீதிப் பாதி பசை, பெயிண்ட், பிரஷ், மேட் வார்னிஷுக்கு. இந்தச் சாமான் மூணு நாலு டாங்கிக்கு வரும், அடுத்ததுக்குக் கிட் காசு மட்டும்தான்.

பசைன்னா பிளாஸ்டிக் சிமென்ட். அது பாலிஸ்டைரீனைக் கொஞ்சம் கரைச்சு ரெண்டு துண்டையும் ஒண்ணா ஆக்கிடும். ஃபெவிகால் இங்கே உதவாது. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒட்டுங்க. கலர் நாலு போதும்: கரும்பச்சை, கறுப்பு, மண் நிறம், இரும்பு நிறம். உடம்புக்கு அடிக்கற பச்சையை மட்டும் மாடல் பெயிண்டா வாங்குங்க, மத்ததுக்கு ஸ்டேஷனரி கடை அக்ரிலிக்கே ஓடும். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே வாங்கினா வெட்டிப் போட்ட சட்டத் துண்டு மேல முதல்ல அடிச்சுப் பாருங்க, சிலது பிளாஸ்டிக்கையே தின்னுடும்.

கத்தரிக்க நகவெட்டி, தேய்க்க நக அரம், இதுக்கெல்லாம் தனியா காசு வேண்டாம். எங்க ஊர் சித்திரை வெயில்ல அக்ரிலிக் பிரஷ்லயே காஞ்சுடும். ஒரு டிபன் பாக்ஸ்ல ஈர ஸ்பாஞ்ச் வெச்சு, மேல பட்டர் பேப்பர் போட்டு, அதுல கலர் கலக்குங்க, சாயங்காலம் வரைக்கும் ஈரமா இருக்கும். கடைசியில புழுதிக்கு கலர் சாக்பீஸ் தூள். "விபூதி பூசினா சூப்பரா இருக்குமே"ன்னு ஒரு நண்பர் ஐடியா குடுத்தார். எங்க அம்மா டாங்கியோட சேர்த்து என்னையும் வெளியே வெச்சுடுவாங்க :-)

எந்த டாங்கி?

இங்கேதான் எனக்கும் பெரும்பாலான மாடல்காரங்களுக்கும் சண்டை. கடைக்குப் போனா எல்லாரும் டைகரைத் தூக்கறாங்க. நான் டி-55 தூக்கச் சொல்றேன். அஞ்சு சக்கரம், முட்டை ஓட்டைக் கவிழ்த்த மாதிரி கோபுரம், அதிக நுணுக்கம் இல்லாத உடம்பு. இத்தாலேரி, டிரம்பீட்டர் ரெண்டுமே 1/72-ல போட்டிருக்காங்க. அதைவிட முக்கியம், இது நம்ம கதை. 1971 போர்ல சம்ப் பகுதியில நம்ம ராணுவம் டி-54, டி-55 வெச்சு சண்டை போட்டுச்சு. எதிர்த்தரப்புல இருந்த டைப் 59, அதே டி-54-ஓட சீன நகல். ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க எல்லைக்கு ரெண்டு பக்கமும் நின்னு சுட்டுக்கிட்டாங்க.

ரெண்டாவதா ரெவலோட 1/72 டி-72 எம்1. நம்ம 'அஜேயா' அந்த வகைதான், ஆவடி தொழிற்சாலையில உருவானது. அண்ணாமலையாரைப் பார்க்க சென்னையில இருந்து பஸ் ஏறி வர்ற கூட்டத்துல ஆவடிக்காரங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, அவங்கள்ல சிலர் கை பட்ட வண்டி. மூணாவதா, கை நல்லா பழகின அப்புறம் செஞ்சூரியன். உக்ரைன் ஏஸ் கம்பெனி 1/72-ல போட்டிருக்கு, பொருத்தறதுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கற ரகம். 1965 செப்டம்பர்ல அசல் உத்தர்ல பேட்டன் டாங்கிகளை மறிச்சு நின்னதுல செஞ்சூரியனுக்கும் ஷெர்மனுக்கும் பங்கு உண்டு. 1971 டிசம்பர் 16, பசந்தர் சண்டையில செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் உயிர்விட்டது 'ஃபமகுஸ்தா'ங்கற செஞ்சூரியன்ல. 21 வயசு. மறைவுக்குப் பின் பரம் வீர் சக்ரா குடுத்தாங்க.

1/72-ல ஒரு ஆள் ஒரு அங்குலம்கூட வர மாட்டான். ஆனா மூடியைத் திறந்து வெச்சு அந்தச் சின்ன உருவத்தை நிறுத்தும்போது, இது உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருந்த இரும்புப் பெட்டின்னு உறைக்கும். எந்தப் பக்கத்து டாங்கியா இருந்தாலும் சரி. அந்த உறுத்தல் இல்லாம செய்யற டாங்கி மாடல் எனக்குப் பிடிக்காது. கதை தெரிஞ்ச வண்டியை வாங்குங்கன்னு சொல்றதுக்கு இதுவும் காரணம். கதை தெரிஞ்சா முடிக்கற ஆசையும் கூடவே வரும்.

பரண் நோய்

பட்ஜெட்டுக்கு நிஜமான எதிரி வரியும் இல்லை, 1/35-ம் இல்லை. பிரிக்காத பெட்டி. ஆஃபர்ல வாங்கி அடுக்கறது, "ரிட்டயர் ஆனதும் செய்வேன்"கறது. இருபத்தெட்டு வயசுல வீட்டு லோனும் தங்கச்சி கல்யாணமும் முன்னாடி நிக்கற நம்மள மாதிரி ஆளுக்கு அது கட்டுப்படியாகாது. எனக்கு ஒரே விதி: ஒரு டாங்கி முடியாம அடுத்த பெட்டி வீட்டுக்குள்ள வரக்கூடாது. இந்த ஒரு விதிதான் வீட்டுலயும் என் மரியாதையைக் காப்பாத்துது. "எவ்வளவுடா ஆச்சு?"ன்னு அப்பா கேட்டா முடிஞ்ச வண்டியைக் காட்டிச் சொல்ல முடியுது.

"இந்த வயசுல பொம்மையா?"ன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இருக்கு. கொலுப்படியில கல்யாண ஊர்வலமும் கிரிக்கெட் டீமும் அடுக்கற ஊர் இது. தேரடி வீதியில குட்டித் தேரை வாங்கி வீட்டு ஷோகேஸ்ல வைக்கற சனம் நாம. பெரிசைச் சின்னதாக்கி கையில வெச்சுப் பார்க்கற ஆசை நமக்குப் புதுசா?

இன்னொண்ணு, ஆபீஸ்ல நாம எழுதற எதுவும் முடியறதே இல்லை. ஒரு டிக்கெட்டை மூடினா ரெண்டு திறக்குது. மூணு வருஷம் உழைச்ச ப்ராடக்டை ஒரு மெயில்ல நிறுத்திடறாங்க. பன்னிரண்டரை சென்டிமீட்டர் டாங்கி ஒரு நாள் முடியும். வார்னிஷ் காஞ்சதும் அதுல செய்ய ஒண்ணும் பாக்கி இருக்காது. மூவாயிரம் ரூபாய்க்கு அந்தத் திருப்தி கிடைக்குதுன்னா என் கணக்குல அது சீப்தான்.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்கு ஓசியில கிட் குடுக்கலை. குடுத்தா வேண்டாம்னும் சொல்ல மாட்டேன், ஆனா கையில இருக்கறதை முடிச்ச அப்புறம்தான் வாங்குவேன் :-) 1/35 கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஒரு நிபந்தனை: கடைசியா முழுசா முடிச்ச டாங்கி எது, எப்போன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க.