துண்டுக்குள் பேரம்

2025 நவம்பர் 15-ந் தேதி சனிக்கிழமை. ஆம்பூரில் ஒரு டீக்கடை. நான் அங்கே போனது டீ குடிக்கத்தான், சண்டை போட அல்ல. ஆனால் குடித்த டீ ஒன்று. போட்ட சண்டையோ இரண்டு மணி நேரம். அந்தச் சண்டையை அன்றைக்கு என்னை முடிக்க விடவில்லை. நான் ஒருவன், அவர்கள் ஏழெட்டுப் பேர். இங்கே குறுக்கே பேச ஆளில்லாததால் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் அணி, ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரன் என்ற இங்கிலாந்துக்காரரையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சஞ்சு சாம்ஸனை வாங்கிக்கொண்டது. யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று அணிகள் சொல்லியாக வேண்டிய கடைசி நாள் அது. சாம்ஸனின் சம்பளம் 18 கோடி. சென்னையில் 18 கோடி வாங்கிய ஜடேஜாவுக்கு ராஜஸ்தானில் 14 கோடி. கரனுக்கு 2 கோடியே 40 லட்சம். சாம்ஸனுக்கு அப்போதுதான் 31 வயது முடிந்திருந்தது. ஜடேஜாவுக்கு 37 நடந்துகொண்டிருந்தது.

லாபமா, நஷ்டமா? இதுதான் கடையில் வழக்கு.

வழக்காடியவர்கள் எல்லாரும் ஷூ கம்பெனிப் பையன்கள். தோல் வெட்டுகிறவன், தைக்கிறவன், பெட்டியில் அடுக்குகிறவன். அவர்களுக்குத் தலைவன் போல நடுவில் உட்கார்ந்து, செல்போனில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவன் என் அக்காள் மகன்.

"இன்னா மாமா நீ, இதுகூடப் புரியலியா? வயசான ஆளுக்கு 18 கோடி தண்டம். தோனிக்கப்புறம் கீப்பர் வேணுமா, வேணாவா? அதுக்கும் ஆள் கெடச்சாச்சு. கரன் கணக்கையும் சேர்த்தா நமக்கு 2 கோடியே 40 லட்சம் மிச்சம்!"

நமக்கு என்றான். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

"நமக்கு என்றால் யாருக்கடா? உனக்கா, எனக்கா? இந்த டீக்குக் கொடுக்கச் சில்லறை வைத்திருக்கிறாயா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. உண்மையில் நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அந்த அணிக்குப் பங்குகள் இருக்கின்றன. அவற்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் கனவான்களும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்குப் பார்க்கட்டும், அது அவர்கள் பாத்தியதை. மாதம் முழுவதும் குனிந்து தோல் வெட்டுகிற பையன், முதலாளி வீட்டுப் பேரேட்டைத் தன் மடியில் விரித்துவைத்துக்கொண்டு சம்பளமில்லாத கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, பேரேடாவது முழுசாகக் கைக்கு வந்ததா என்றால் அதுவுமில்லை.

வேலூருக்கு அருகே பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். பார்த்தவர்களுக்குத் தெரியும். வாங்குகிறவனும் விற்கிறவனும் வாய் திறந்து விலை பேச மாட்டார்கள். தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேரம் நடக்கும். சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஐ.பி.எல். அணிகளின் கொள்வினை கொடுப்பினையும் ஏறக்குறைய இதே ரகம். ஆட்டக்காரரின் சம்பளத்தை வெளியிடுவார்கள். அணிக்கும் அணிக்கும் இடையே கைமாறும் பணம் என்று ஒன்று உண்டென்றால் அது துண்டுக்குள்ளேயே இருக்கும். 2023-ல் ஹார்திக் பாண்டியாவை குஜராத்திடமிருந்து மும்பை வாங்கியபோது அந்தத் தொகையை ஊருக்குச் சொல்லவில்லை. விலை தெரியாத சரக்கை மலிவு என்றும் கிராக்கி என்றும் இரண்டு மணி நேரம் வாதாட நம்மவர்களால்தான் முடியும்.

ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்று விதி இருக்கிறது. அந்த மட்டில் பொய்கைச் சந்தை மாட்டைவிட ஜடேஜா கொடுத்துவைத்தவர். ஆனால் இதே ஜடேஜாவின் பழைய கதை ஒன்றை அங்கிருந்த ஒருவனும் ஞாபகப்படுத்தவில்லை. 2008-ல் 19 வயதுப் பையனாக அவர் முதலில் சேர்ந்தது இதே ராஜஸ்தான் அணியில்தான். அந்த வருஷமே அது கோப்பையை வென்றது. 2010-ல் அவருக்கு அந்தப் பருவம் முழுவதும் ஆடத் தடை போட்டார்கள். என்ன குற்றம்? ஒப்பந்தத்தில் இருக்கும்போதே வேறு அணியோடு தானே நேரில் பேசிவிட்டார் என்பது. தன் விலையைத் தானே பேசினால் தண்டனை. மற்றவர்கள் பேசி, இவர் தலையாட்டினால் அதற்குப் பெயர் வியாபாரம். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் துண்டுக்குள் கைவிட யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்பதை இந்தக் கதை காட்டிவிடுகிறது.

இவ்வளவும் சொல்லும்போது எதிர்க் கட்சிக்காரர்கள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். "அப்பிடிச் சொல்லுண்ணே! இது துரோகம்ணே!" என்றான் ஒருவன். அவன் கண்ணில் நிஜமாகவே நீர் துளிர்த்திருந்தது.

அவர்களையும் நான் விடுவதாக இல்லை.

ஜடேஜா சென்னைக்கு வந்தது 2012-ல். அணி தடைபட்டிருந்த இரண்டு வருஷம் போக, 12 பருவங்கள் மஞ்சள் சட்டை போட்டார். 2023 இறுதி ஆட்டம் ஆமதாபாத்தில் மழையால் நள்ளிரவையும் தாண்டி நடந்தது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோகித் சர்மா போட்ட பந்துகளில் ஒன்றை சிக்ஸருக்கும் அடுத்ததை பவுண்டரிக்கும் அனுப்பினார். தோனி அவரை இடுப்போடு அள்ளித் தூக்கினார். எல்லாம் சரி. ஆனால் அதே பருவத்தில் சேப்பாக்கத்தில் என்ன நடந்தது? ஜடேஜா ஆடிக்கொண்டிருக்கும்போது, இவர் எப்போது அவுட் ஆவார், தோனி எப்போது வருவார் என்று கூட்டம் காத்திருந்தது. அவர் அவுட் ஆனால் ஆரவாரம்! தான் முன்னால் இறங்கினால் தான் அவுட் ஆவதற்குத்தான் ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று அவரே சிரித்தபடி சொன்னார். சிரித்தாரே ஒழிய, அதைச் சொல்ல வேண்டியிருந்ததே! தன் ஆள் ஆட்டமிழந்ததற்குக் கைதட்டிய கூட்டம், இன்றைக்கு முதலாளியைப் பார்த்துத் துரோகி என்கிறது. 2022-ல் காப்டன் பொறுப்பைக் கொடுத்து, எட்டே ஆட்டத்தில் அவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆனதே, அப்போது இவர்கள் எத்தனை பேர் அழுதார்கள்?

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் உரியதல்ல. கனடாவில் பனித்தரை ஹாக்கி என்றால் உயிர். 1988 ஆகஸ்டில் எட்மண்டன் நகர அணி, வேய்ன் கிரெட்ஸ்கி என்ற மகா ஆட்டக்காரரை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. முதலாளியின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், அரசாங்கமே தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்றார். அப்புறம் நடந்தது என்ன? இரண்டே வருஷத்தில், 1990-ல், அவர் இல்லாத எட்மண்டன் கோப்பையை ஜெயித்தது. அவரை வாங்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் அவர் இருந்தவரையில் ஜெயிக்கவே இல்லை. பேரேட்டின்படி எட்மண்டனுக்கு லாபம். அந்த ஊர்க்காரர்களிடம் லாபம் என்று சொல்லிப் பாருங்கள், உங்களை அடிக்க வருவார்கள்.

இனி என் மருமகன் விவகாரத்துக்கு வருகிறேன். அவன் அப்பா, அதாவது என் அக்காள் கணவர், ஒரு தோல் தொழிற்சாலையில் 22 வருஷம் வேலை பார்த்தவர். பேர் வேண்டாம். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ட்ரம் வரை அவர் பார்க்காத வேலை இல்லை. 51 வயதில் ஒரு நாள் கூப்பிட்டு, "கை வேகம் போயிடுச்சு, உங்க சம்பளத்துக்கு ரெண்டு பசங்களை வெச்சுக்கலாம்" என்று கணக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கணக்கு சரியான கணக்குத்தான். அன்று ராத்திரி இந்தப் பையன் சோறு தின்னவில்லை. மனுஷனா அவனுங்க என்று என்னிடம் வந்து கத்தினான்.

அதே பையன்தான் டீக்கடையில், "வயசான ஆளு, தள்ளி வுட வேண்டியதுதான்" என்கிறான். 14 கோடி வாங்குகிறவருக்காக நான் கண்ணீர் விடவில்லை, வாசகர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜடேஜாவும் என் அக்காள் கணவரும் ஒன்றல்ல. நான் அஞ்சுவது இவன் நாக்கைப் பார்த்து. அந்த மானேஜரின் வார்த்தை இவன் நாக்கில் எப்போது வந்து உட்கார்ந்தது? அந்த வருஷம் ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டிருந்தது. ஆம்பூர் ஷூவுக்கு ஆர்டர் குறையுமோ, எந்தப் பிரிவில் ஆளைக் குறைப்பார்களோ என்று இவனே தூக்கமில்லாமல் கிடந்த நாட்கள் அவை. தன்னை எடை போடப்போகிற தராசை மற்றவனுக்காக இவனே பிடித்துப் பழகுகிறான்!

இதை நான் சொன்னபோது அவன் முகம் செத்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். கடைக் கோடியில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார், அந்தக் காலத்துத் தோல் தரகர். மேஜைமேல் தோலை விரித்து, உண்ணி கடித்த வடு, முள் கீறல், உரித்தபோது பட்ட கத்தி வெட்டு எல்லாம் பார்த்துத் தரம் பிரித்து, சதுர அடிக் கணக்கில் விலை சொன்னவர். அதுவரை வாய் திறக்காமலிருந்தவர், "தோலுக்கு நானும் ஆயுசு பூரா வெலை சொல்லிருக்கேன் தம்பி. அதுக்கு மொதல்ல மாடு செத்திருக்கணும்" என்றார். அப்புறம் தன் டீயை ஆற்றிக் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

2023-ல் அந்த இறுதி ஆட்டத்தின் இரவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. மே 30-ந் தேதி விடிவதற்கு முன், அக்காள் வீட்டுத் திண்ணையில், ஒரே செல்போனைச் சுற்றி அப்பனும் மகனும் நானும். கிரிக்கெட்டில் அதிகம் ஈடுபாடில்லாத என் அக்காள் கணவர், அந்தக் கடைசிப் பந்து எல்லைக் கோட்டைத் தொட்டதும் மகனைத் தூக்கிவிட்டார். தோனி ஜடேஜாவைத் தூக்கியதற்கு முன்பா பின்பா என்று சொல்ல முடியாது. சுண்ணாம்பில் வெந்த அந்தக் கைகளுக்கு அப்போது வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தத் திண்ணையில் இருந்ததை எந்த அணியும் வாங்கவில்லை, விற்கவுமில்லை. அதை வைத்திருக்கிறவன் எதற்காக 2 கோடியே 40 லட்சத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் என் சண்டை.

இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தானாகவே வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்கார்ந்தான். செல்போனை எடுத்தான்.

"மாமா, நீ சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். ஜடேஜாவைக் கொடுத்ததுகூடப் பரவால்ல. கூடவே அந்தக் கரனையும் கொடுத்தாங்க பாரு, அதான் தப்பு."