விஞ்ஞானிகள் வாய் திறக்கலாமா? ஜோஷிமட் எழுப்பிய கேள்வி

புது தில்லி: அறிவியல் தொடர்பான செய்தி ஒன்று வெளியாகும்போது அதன் பொருளை மக்களுக்கு விளக்க வேண்டியவர் யார்? அந்தத் துறையின் விஞ்ஞானியா, அவரது நிறுவனத்துக்கு நிதி அளிக்கும் அரசா? உத்தரகண்டின் ஜோஷிமட் நகரில் நிலம் தாழ்ந்தபோது, 2023 ஜனவரியில் இந்தக் கேள்விக்கு மத்திய அரசு அமைப்பு ஒன்று எழுத்து மூலமாகவே பதில் அளித்தது. அந்தப் பதில் யாருக்கும் பயன்படவில்லை என்பதை அடுத்த எட்டு மாதங்கள் உணர்த்தின.

பத்ரிநாத் செல்லும் வழியில் உள்ள ஜோஷிமட் நகரம், 2024-இல் ஜோதிர்மட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கு நூற்றுக்கணக்கான கட்டடங்களில் விரிசல் கண்டிருந்த நிலையில், இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து முதல்கட்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8.9 செ.மீ. அளவுக்குத் தாழ்ந்த நிலம், டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரையிலான 12 நாள்களில் மட்டும் 5.4 செ.மீ. தாழ்ந்தது என்று அது தெரிவித்தது.

இந்தத் தகவல் நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. ஜனவரி 13-ஆம் தேதி தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம், இஸ்ரோ உள்ளிட்ட ஆய்வு நிறுவனங்களுக்கும் மாநில அரசுக்கும் கடிதம் அனுப்பியது. நிறுவனங்கள் தரவுகளை வெளியிடுவதும், தங்கள் விளக்கங்களுடன் ஊடகங்களிடம் பேசுவதும் மக்களிடையே குழப்பத்தை ஏற்படுத்துவதாகவும், நிபுணர் குழுவின் இறுதி அறிக்கை வரும்வரை அதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. தொலையுணர்வு மையத்தின் அறிக்கையும் இணையதளத்தில் இருந்து நீக்கப்பட்டது.

அரசின் கவலையை முற்றிலும் புறக்கணிக்க இயலாது. செயற்கைக்கோள் படங்களை மட்டும் கொண்டு தயாரித்த முதல்கட்ட மதிப்பீட்டைக் களஆய்வின் முடிவாக எடுத்துக் கொண்டால் பீதி பரவக்கூடும். ஆனால், ஓர் எண்ணின் வரம்பு என்ன, அது எதை உணர்த்துகிறது, எதை உணர்த்தவில்லை என்பதை எடுத்துச் சொல்லத் தகுதி உள்ளவர்கள் விஞ்ஞானிகளே. அவர்களை மௌனமாக்கினால் எண் மட்டும் மக்களிடம் எஞ்சும், விளக்கம் எஞ்சாது.

ஜோஷிமட்டின் நிலை புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அன்றைய கர்வால் ஆணையர் மிஸ்ரா தலைமையிலான குழு, அந்நகரம் பழைய நிலச்சரிவு ஒன்றின் மண்ணும் கல்லும் குவிந்த படிவின் மீது அமைந்துள்ளது என்று 1976-லேயே சுட்டிக்காட்டியது. கனரகக் கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டும், பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. தேசிய அனல்மின் கழகத்தின் தபோவன்-விஷ்ணுகாட் நீர்மின் திட்டச் சுரங்கமே நிலம் தாழக் காரணம் என்று உள்ளூர் மக்கள் குற்றம் சாட்டினர். கழகம் அதை மறுத்தது. இந்த வழக்கில் இரு தரப்பையும் சாராத நிபுணரின் கருத்து தேவைப்பட்ட நேரத்தில்தான் நிபுணர்கள் பேச வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

எட்டு நிறுவனங்களின் ஆய்வறிக்கைகள் மாதக்கணக்கில் வெளியிடப்படவில்லை. அவற்றை ரகசியமாக வைத்திருப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை என உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் கூறிய பின்னரே, 2023 செப்டம்பரில் அவை பொதுவெளிக்கு வந்தன. வீடு விரிந்தவர்கள் அதுவரை வதந்தியை நம்புவதா, வாக்குறுதியை நம்புவதா என்று தெரியாமல் காத்திருந்தனர்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருப்பதற்கு அமைப்பு ரீதியான காரணம் உண்டு. நாட்டின் முக்கிய ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலானவை அரசின் நிதியில் இயங்குகின்றன. மத்திய குடிமைப்பணி நடத்தை விதிகள், 1964-இன் 9-ஆவது விதி, அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பாதகமாக விமர்சிப்பதை அரசு ஊழியருக்குத் தடை செய்கிறது. ஆய்வு முடிவை விளக்குவது எங்கே முடிகிறது, அரசின் நடவடிக்கையை விமர்சிப்பது எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாக இல்லாத நிலையில், பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று விஞ்ஞானி கருதுவது இயல்பு.

ஆயினும் அவர்கள் பேசிய தருணங்களில் நன்மை விளைந்திருக்கிறது. கரோனா தடுப்பூசியை 2020 ஆகஸ்ட் 15-க்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அந்த ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய அறிவியல் கழகம், அந்தக் கால வரையறை நடைமுறைக்கு ஒவ்வாதது என ஜூலை 5-ஆம் தேதி வெளிப்படையாக அறிவித்தது. கோவேக்ஸினுக்கு 2021 ஜனவரியில்தான் அவசரகால அனுமதி கிடைத்தது. இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் இறுதியில், பரிசோதனைத் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடக் கோரி நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தனர். அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக அப்போது இருந்த கே. விஜயராகவன் அதற்குப் பகிரங்கமாகப் பதில் அளிக்க நேர்ந்தது. 2020-இல் உருவான விஞ்ஞானிகளின் தன்னார்வக் கூட்டமைப்பு ஒன்று, நோய் குறித்த பொய்த் தகவல்களுக்குத் தமிழ் உள்பட பல மொழிகளில் மறுப்பு வெளியிட்டது.

விஞ்ஞானி சொல்லிவிட்டார் என்பதாலேயே ஒரு கருத்து உண்மையாகிவிடாது என்பதற்கும் இந்தியாவே சான்று. இமயமலைப் பனிப்பாறைகள் 2035-ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு 2007 அறிக்கையில் குறிப்பிட்டது. 1999-இல் பிரிட்டன் அறிவியல் வார இதழ் ஒன்றில் இந்திய ஆய்வாளர் ஒருவரின் பேட்டியை ஒட்டி வெளியான செய்தியே அதன் மூலம் என்பது பின்னர் தெரியவந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி வி.கே. ரெய்னா 2009-இல் மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தபோது, குழுவின் தலைவராக இருந்த ஆர்.கே. பச்சௌரி அதை ஏளனம் செய்தார். 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. பனிப்பாறைகள் உருகுவது உண்மை. அந்த ஆண்டுக் கணக்குத்தான் பிழை. ஆனால், அந்தப் பிழை பருவநிலை எச்சரிக்கையையே சந்தேகிப்பவர்களுக்கு ஆயுதமாகிவிட்டது.

அதே 2010-இல் மற்றொரு பாடமும் கிடைத்தது. மரபணு மாற்றப்பட்ட கத்தரிக்கு அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பிப்ரவரியில் தடை விதித்த பிறகு, நாட்டின் ஆறு அறிவியல் கழகங்கள் செப்டம்பரில் கூட்டறிக்கை அளித்து அதை வரம்புக்கு உட்பட்டுப் பயிரிடலாம் என்றன. அத்தகைய பயிர்களை உருவாக்குவதில் ஈடுபட்ட விஞ்ஞானி ஒருவரின் கட்டுரையில் இருந்து பகுதிகள் அப்படியே எடுத்தாளப்பட்டிருப்பது அம்பலமானது. டிசம்பரில் திருத்திய அறிக்கை வந்தது, பரிந்துரை மாறவில்லை. ஆனால், நம்பகத்தன்மை ஒருமுறை சரிந்தால் அதைத் திருத்தப் பதிப்பால் மீட்க முடிவதில்லை.

இவ்விரு அனுபவங்களையும் காட்டி விஞ்ஞானிகளைக் கட்டுப்படுத்துவதே சரி என்று வாதிடுவோர் உண்டு. ஆனால், இரண்டு தவறுகளும் வெளிப்பட்டது விவாதம் திறந்திருந்ததால்தான். கேள்வி கேட்கவும் மறுப்புச் சொல்லவும் வேறு நிபுணர்களும் பத்திரிகைகளும் இருந்தன. மௌனத்தில் நிகழும் தவறு அப்படி வெளிப்படுவதில்லை.

பிரிட்டனில் 2002-இல் தொடங்கப்பட்ட அறிவியல் ஊடக மையம், செய்தி வெளியாகும் வேகத்திலேயே நிபுணர்களின் கருத்துகளைப் பத்திரிகையாளர்களுக்குக் கிடைக்கச் செய்கிறது. தொழில் நிறுவனங்களிடமும் அது நிதி பெறுவது விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளது. இந்தியாவிலோ, அறிவியலை மக்களிடம் கொண்டு செல்ல 1989-இல் அமைக்கப்பட்ட விஞ்ஞான் பிரசார் 2023-இல் மூடப்பட்டது.

தேவை இன்னொரு அரசு அமைப்பு மட்டும் அல்ல. பொதுப் பணத்தில் திரட்டிய தரவுகளைக் காலவரையறைக்குள் வெளியிடும் கடமை, சொந்தப் பெயரில் அறிவியல் விளக்கம் அளிக்கும் விஞ்ஞானிக்கு நடத்தை விதிகளில் தெளிவான பாதுகாப்பு, கருத்துச் சொல்பவர் தம் நிதித் தொடர்புகளையும் தமது முடிவின் வரம்பையும் வெளிப்படுத்தும் ஒழுங்கு ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு ஊடகங்களுக்கும் உண்டு. முதல் இரண்டும் அரசின் கையில் உள்ளன. இமயமலையில் அடுத்த விரிசல் தோன்றும்போது ஆணையத்தின் கடிதம் முந்துமா, ஆய்வாளரின் விளக்கம் முந்துமா என்பதை அவைதான் தீர்மானிக்கும்.