விடுபட்ட ஓர் எண்

இராமாநுஜனார் பெயரைக் கேட்டவுடன் 1729 என்று சொல்லிக் கைதட்டுதல் நம் மாணவர்க்கு வழக்கமாயிற்று. 1, 12 என்பவற்றின் கனங்களைக் கூட்டினும், 9, 10 என்பவற்றின் கனங்களைக் கூட்டினும் அவ்வெண்ணே வருமென்பது மெய்யே. ஆயினும் அதனைத் தாளிற் போட்டுப் பார்த்தோர் எத்துணைப் பேர்?

யாமும் பார்த்தோமல்லோம். தமிழ் பயில்வோர்க்குக் கணிதம் புறம்பென்றே இருந்தோம். அண்மையிற் சொற்போரொன்றில், இராமாநுஜனார் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளதென நண்பரொருவர் கூறினார்; பெரியோரைக் குறை கூறலாகாதென அவரை அமர்த்திவிட்டனர். அன்று மாலை ஆவடி செல்லும் மின்சார வண்டியில், அவர் குறித்துக் கொடுத்த தாளை விரித்தோம்.

அவ்வட்டவணை 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தார் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது. தன்னிற் சிறிய எவ்வெண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுத்திகளையுடைய எண்களை அது நிரல்படுத்தும். 12 அத்தகையது: அதற்கு வகுத்திகள் ஆறு, 11 வரை எவ்வெண்ணுக்கும் நான்கின் மேலில்லை. நிரலின் ஈற்றில் நிற்பது 6746328388800. அஃதாவது, 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800.

இதனைப் பகா எண்களாகப் பிரித்தோம். 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வந்தன. ஒரு வகுத்தியை ஆக்குங்கால் 2-ஐ ஒருமுறையும் கொள்ளாதிருக்கலாம், ஆறு முறை வரையும் கொள்ளலாம். எனவே ஏழு வழி. அவ்வாறே 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, ஏனைய ஐந்திற்கும் இவ்விரண்டு. இவற்றைப் பெருக்க 10080 வந்தது. இத்துணை வகுத்திகளா என்று வியந்தோம். அம்பத்தூர் கடந்தது தெரியவில்லை.

இனி, அவ்வீற்றெண்ணை 23-ஆல் வகுத்தால் ஈவு 293318625600. நண்பர் சொன்ன விடுபட்ட எண் இதுவே! இதன் வகுத்திகள் சரிபாதி, 5040. நிரலில் நிற்கத் தக்கதே இதுவுமெனப் பின்னோர் கண்டனர். ஈற்றெண்ணின் வயிற்றுள்ளேயே இருந்தது, தன் இடத்திற் காணப்படவில்லை.

நண்பரை அமர்த்தியதே பிழையென்பது எம் துணிபு. சாமிநாதையரவர்கள் தம் பதிப்புகளிற் பிரதிபேதங்களை மறையாது காட்டினார்கள். அதனால் எப்புலவர் பெருமை குன்றிற்று? நூற்றுக்கு மேற்பட்ட எண்களைப் பொறியின் துணையின்றி நிரல்படுத்திய உழைப்பு எத்தகையதென்பது, ஒன்று நழுவியதை அறிந்த பின்னரே எமக்கு விளங்கிற்று. அதுவரை அவரை வெறும் அற்புதமாகவே எண்ணியிருந்தோம். அற்புதத்தினிடம் கற்பதற்கு யாதுளது? அவ்வாராய்ச்சியை முன்னிட்டே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டமளித்தது.

வரும் டிசம்பர் 22-ஆம் நாள் விழாவிற் சொற்பொழிவுகளில் ஒன்றையேனும் குறைத்து, இவ்விரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதுமாறு மன்றத்தாரை வேண்டுகிறோம். வகுத்துக் காட்டத் தமிழ் வகுப்பினின்று யாம் வருவோம்.