குழாய் இன்னும் தேவையா?

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் மருந்தகங்களில் சிவப்புப் பழப் படம் போட்ட புட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கிரான்பெர்ரி மாத்திரை. பழம் நம் மண்ணில் விளைவதல்ல. வட அமெரிக்கச் சதுப்பு நிலத்துச் செடி. பாட்டிக்கு அறுவை சிகிச்சை என்றதும், "இதைக் கொடு, சிறுநீர்த் தொற்று வராது" என்று உறவினர் யாராவது சொல்வார்கள்.

சிரித்து ஒதுக்காதீர்கள், மாணவர்களே. சிறுநீர்ப்பைக்குள் செருகும் குழாய், கிருமிகள் மேலேறும் ஏணியாகிவிடுகிறது. அவற்றுள் முதன்மையான ஈ.கோலி பாக்டீரியா, மெல்லிய இழைகளால் பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். கிரான்பெர்ரியிலுள்ள புரோஆந்தோசயனிடின் அந்தப் பிடியைத் தளர்த்துவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

மனிதரிடம்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மகளிர்நோய் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 160 பெண்கள் கலந்துகொண்டனர். பாதிப் பேருக்கு ஆறு வாரம் கிரான்பெர்ரி மாத்திரை. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. தொற்றுக்குச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் முதல் குழுவில் 80க்கு 15 பேர், அடுத்ததில் 80க்கு 30 பேர். சரிபாதி!

இங்கேயே நின்றுவிட்டால் புட்டியை வாங்கிவிடுவோம். 2017இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு, இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்கு வந்த, குழாய் பொருத்தப்பட்ட மூத்த பெண்களிடம் இதையே சோதித்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அங்கே மாத்திரை கொடுத்த நாள்களும் குறைவுதான். ஆக, "பலன் உண்டா?" என்பது அரைக் கேள்வி. யாருக்கு, எந்தச் சிகிச்சைக்குப் பின், எத்தனை நாள் என்றும் கேட்க வேண்டும். உங்கள் பாட்டி எந்தக் குழுவைப் போன்றவர்?

மாத்திரையே கூடாது என்பதல்ல என் கருத்து. டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் கட்டாயம் கேளுங்கள். புட்டியில் எம்.ஏ.எல். எண் இருக்கிறதா பாருங்கள். அது பதிவு பெற்ற பொருள் என்பதற்கு அடையாளம். நோயைத் தடுக்கும் என்ற உத்தரவாதம் அல்ல.

எனக்கு வருத்தம் வேறொன்றில். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் 3 முதல் 7 விழுக்காடு கூடுகிறது. அதைச் சீக்கிரம் எடுப்பதைவிடச் சிறந்த தடுப்பு இல்லை. நாமோ மாத்திரையைத்தான் பேசுகிறோம். பாட்டியைப் பார்க்கப் போகும்போது கையைக் கழுவுங்கள். சிறுநீர்ப் பை தரையில் கிடக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். நீங்களாக எதையும் தொட வேண்டாம். தாதியிடம் பணிவாகச் சொல்லுங்கள். கூடவே, "மிஸ்ஸி, இந்தக் குழாய் பாட்டிக்கு இன்றும் தேவையா?" என்று கேளுங்கள். மறுநாள் போனாலும் கேளுங்கள்.